வாசல் டெஸ்ட்

ஜூன் 9, திங்கள்

முதலில் மன்னிப்பு. இந்த டைரி எனக்கு வந்ததல்ல. ஆயில் கம்பெனிக்காரர் ஜனவரியில் எங்கள் மேனேஜருக்குக் கொண்டுவந்தது. அவரிடம் ஏற்கெனவே மூன்று இருந்ததால் ஸ்டோருக்குப் போய், அங்கே கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அடியில் செருகிக் கிடந்தது. ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. கேட்டுத்தான் எடுத்தேன். ஆனாலும் ஐந்து மாதப் பக்கங்களை வெறுமனே விட்டுவிட்டு ஜூனில் தொடங்குவது, பந்தி பாதியில் போய் உட்கார்வது போலக் கூச்சமாக இருக்கிறது. எழுதும் அளவுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பேச வராதவர்கள் எழுதியாவது பழகலாம் என்று கல்லூரியில் ஒரு மேடம் சொன்னார். அதனால்.

பெயர் கோகிலவாணி. பி.இ. மெக்கானிக்கல். திண்டுக்கல் பைபாஸில் ஒரு சர்வீஸ் சென்டரில் அட்வைசர். வண்டி கொண்டுவருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதுவது, உள்ளே மெக்கானிக்கிடம் கொடுப்பது, வேலை முடிந்ததும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வண்டியை ஒப்படைப்பது. சேர்ந்து ஐந்து மாதம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா வெங்காயப் பேட்டையில் மூட்டை தைக்கிறார். என் சட்டைப் பையில் கம்பெனிப் பெயர் தைத்திருக்கிறது. அம்மா அதைத் துவைத்தால் அந்தப் பக்கம் தெருவைப் பார்க்கும்படி காயப்போடுகிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

சிறுமலையிலிருந்து ஒரு பிக்கப் வந்தது. மலையில் உள்ள மகளிர் குழுக்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து வாங்கிய வண்டி. வாழையும் எலுமிச்சையும் சவ்சவ்வும் அதில்தான் மார்க்கெட்டுக்கு இறங்குகின்றன. ஓட்டி வந்தவர் ஒரு அக்கா. பெயர் மரியபுஷ்பம். முப்பத்தெட்டு வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, சட்டைப் பையில் டயர் காற்று பார்க்கும் மீட்டர். நாங்கள் பேனா செருகுவதுபோல அதைச் செருகியிருந்தார்.

என்ன கம்ப்ளைண்ட் என்று கேட்டேன். நான் கார்டைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பேன். முகத்தைப் பார்த்தால் எழுத்து கோணும்.

"இடது முன்சக்கரம் பிரேக்க விட மாட்டேங்குது பாப்பா. மேல கெளம்புறப்ப நல்லாத்தான் இருக்கும். ஏழெட்டு வளைவு எறங்குனதும் இடது பக்கமா இழுக்கும். கருகுன நாத்தம் வரும். செக்போஸ்டுல நிப்பாட்டி ஒரு டீயக் குடிச்சிட்டு வந்தா சரியாப் போயிரும். மறுபடி நாலு தடவ மிதிச்சா பழைய குருடிதான்."

பின்னால் கை துடைத்துக்கொண்டிருந்த மைதீன் பாய், எங்கள் மெக்கானிக், சொன்னார்: "அப்ப வண்டிக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்கக்கா. சரியாயிரும்."

"குடுத்தேன் பாய். சீனி பத்தலங்குது."

எல்லோரும் சிரித்தோம். நானும். கார்டில் 'இடது முன் பிரேக் சூடு, வண்டி இழுக்கிறது' என்று எழுதினேன். டீயை எழுதவில்லை. கார்டில் அதற்குக் கட்டம் இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

மைதீன் பாய் சக்கரத்தைக் கழற்றினார். மெக்கானிக்குகள் வேலை பார்க்கும் இடத்தைச் சுற்றிப் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இடது பக்கத்தில் டிஸ்க்கைக் கவ்வும் உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவாக, தீப்பெட்டி அட்டை கனத்துக்குத் தேய்ந்திருந்தன. வலது பக்கத்துப் பேட்கள் பாதிகூடத் தேயவில்லை. பேடை அழுத்துகிற காலிப்பர் நகரும் பின்களில் கிரீஸ் வறண்டிருந்தது. "இதான் சமாச்சாரம்" என்று துடைத்துக் கிரீஸ் வைத்தார். புதுப் பேட் போட்டு, பெடலை நாலைந்து தடவை மிதித்துச் சேர்த்தார்கள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சாப்பிட்டு வந்து, ஜாக்கியில் தொங்கிய சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தோம். லேசாகச் சுற்றியது.

"பாருங்க மேடம், ராட்டினம்" என்றார்.

ஜாப் கார்டின் கடைசிக் கட்டம் ரோடு டெஸ்ட். அட்வைசர் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எங்கள் சென்டரில் வாசல் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. மெக்கானிக் வண்டியை வேலை பார்த்த இடத்திலிருந்து வாசல் கேட் வரை கொண்டுவருவார். நூற்றைம்பது அடி இருக்கும். கேட்டருகே ஒரு பிரேக். நின்றால் டெஸ்ட் முடிந்தது. நான் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

வண்டி நின்றது. டிக் போட்டேன். கையெழுத்து இன்று நன்றாக வந்தது.

புஷ்பம் அக்கா போகும்போது மலை வாழைப்பழம் ஒரு சீப்பை என் மேசையில் வைத்தார். "ரெண்டு நாள் வச்சு சாப்புடு பாப்பா. இன்னும் காய்."

ஜூன் 12, வியாழன்

பழத்தை அம்மா அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள்.

ஜூன் 16, திங்கள்

அதே வண்டி. அதே சக்கரம்.

வண்டி வந்து நின்றதுமே நாற்றம் தெரிந்தது. சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு மீட்டர் இருக்கிறது. எடுத்துவர ஸ்டோரில் கேட்க வேண்டும், கேட்டால் எதற்கு என்பார்கள். விரலை வைத்துவிட்டேன். சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டேன்.

மேனேஜர் கருணாகரன் சார் வெளியே வந்தார். ஒரு வாரத்துக்குள் அதே கம்ப்ளைண்டுடன் வண்டி திரும்பினால் அவருடைய மாதக் கணக்கில் சிவப்புக் கோடு விழும்.

"கால பிரேக்லயே வச்சு எறங்குனா சுடத்தான்க்கா செய்யும்."

"நான் ஆறு வருசமா அந்த மலையில எறங்குறேன் சார். ரெண்டாவது கியர்ல விட்டுட்டு சும்மா உக்காந்து வருவேன்."

"லேடீஸுக்கு பயத்துல கால் தானாப் போகும். தப்பில்ல. என்ன வாணி?"

நான் தலையை அசைத்தேன். எந்தப் பக்கம் அசைத்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் எந்தப் பக்கமாக எடுத்துக்கொண்டார் என்று தெரிந்தது.

மறுபடி கழற்றி, சுத்தம் செய்து, கிரீஸ் வைத்துப் பூட்டினார்கள். அக்கா என்னிடம் வந்து, "என்ன கோளாறுன்னு ஒரு லெட்டர் குடுத்துருங்க பாப்பா. ரெண்டாந்தடவ வேலைன்னா கூட்டமைப்புல எழுத்துல கேப்பாங்க. கூட்டத்துல படிக்கணும்" என்றார்.

அவரே கேட்டார். சார் என்ன எழுதச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேயிருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

"இங்கிலீஷ்ல அடி. அப்பத்தான் வெயிட்டா இருக்கும்" என்றார் சார். ஓட்டுநர் தொடர்ந்து பிரேக்கில் கால் வைத்து ஓட்டும் பழக்கமே இந்தச் சூட்டுக்குக் காரணம், வண்டியில் குறை இல்லை, முறையாக ரோடு டெஸ்ட் செய்தே கொடுக்கப்பட்டது. இது அவர் சொன்னது.

கடைசி வரி அவர் சொன்னதல்ல. 'பயிற்சி பெற்ற வேறு ஓட்டுநரை அமர்த்துவது பாதுகாப்புக்கு நல்லது.' கடிதம் பாதியில் நிற்பதுபோல இருந்தது. முடிப்பதற்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அது தானாக வந்தது. சார் படித்துவிட்டு, "படிச்ச பொண்ணுன்னா படிச்ச பொண்ணுதான்" என்றார். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடிக்கும்போது வலது பக்கத்துப் பேட்கள் ஞாபகத்துக்கு வந்தன. பெடல் ஒன்றுதான். அதில் கால் வைத்திருந்தால் இரண்டு பக்கமும் தேய்ந்திருக்க வேண்டும். இதைச் சேர்க்கக் கடிதத்தில் இடம் அமையவில்லை.

ஜூன் 18, புதன்

விரலில் கொப்புளம். அம்மாவிடம் தோசைக்கல் என்றேன். நான் தோசை ஊற்றி மூன்று வருடம் இருக்கும். பழம் பழுத்துவிட்டது. எனக்கு வயிறு சரியில்லை என்று அப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

லைசென்ஸ் பற்றி எழுத வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை.

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. கார் ஓட்ட அனுமதி என்று என் படம் போட்ட அட்டை. வேலைக்கு அது வேண்டும் என்றார்கள். அப்பா எங்கோ கேட்டு ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார். அந்தக் காரில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். இருபது நாளும் அவர் கால் அதன் மேல்தான் இருந்தது. நான் மிதிப்பதற்கு முன்பே வண்டி நிற்கும். "சூப்பரா ஓட்டுறம்மா" என்பார். டெஸ்ட் அன்றும் அப்படியே. அந்தக் கார் ஒரு தடவைகூட என் காலால் நின்றதில்லை.

அதற்குப் பிறகு நான் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. வாசல் டெஸ்ட் எங்கள் சென்டரின் பழக்கம் என்று பத்து நாள் முன்பு எழுதியிருக்கிறேன். உண்மைதான். அது இல்லாதிருந்தால் முதல் நாளே என் குட்டு உடைந்திருக்கும் என்பதும் உண்மை. ஐந்து மாதத்தில் எத்தனை கார்டு. எத்தனை பத்து கிலோமீட்டர்.

ஆறு வருடம் மலையில் இறங்குகிறவரைப் பற்றி, பயிற்சி பெற்ற வேறு ஆளைப் போடுங்கள் என்று நான் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 21, சனி

அக்கா வந்தார். பஸ்ஸில்.

"வண்டிய எடுக்க வேணாம்னுட்டாங்க பாப்பா. கூட்டம் முடியிற வரைக்கும் குடோன்ல நிக்கட்டுமாம். வாடக ஜீப்புலதான் லோடு எறங்குது." கையில் அந்தக் கவர். "லெட்டர் இங்கிலீஷ்ல இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம கூட்டம். அதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா தேவல. தலைவியோட மருமகன் லைசென்ஸ வச்சுக்கிட்டு எப்படா சாவி கெடைக்கும்னு நிக்கிறான். நீ படிச்சுச் சொல்லு."

காகிதத்தை விரித்து என் மேசையில் வைத்தார். கீழே 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயரின் முதல் எழுத்துகள். அவர் விரல் அதன் பக்கத்திலேயே இருந்தது.

நான் படித்தேன். இல்லை, படிப்பதுபோல வரிவரியாகக் கண்ணை ஓட்டினேன். "பிரேக்க இன்னும் நல்லாச் சோதிச்சுப் பாக்கணும்னு எழுதியிருக்குக்கா. மலை வண்டிங்கிறதால."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்க்கா."

"என்னப் பத்தி ஒண்ணும் இல்லைல?"

"இல்லக்கா."

அவர் மூச்சுவிட்டது கேட்டது. "நெஞ்சு அடச்சுக்கிட்டே வந்தேன். ஆம்பள டிரைவர்னா வண்டி கெட்டா வண்டிதான் கெட்டதும்பாங்க. எனக்குன்னா..." என்று நிறுத்தி, "நல்லாயிரு பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

29ஆம் தேதி வேறு யாராவது அதைச் சரியாகப் படிப்பார்கள்.

ஜூன் 23, திங்கள்

கல்லூரிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நான்கு வருடம் முன்பு அடிக்கோடிட்ட பக்கம். பிறகு இந்த டைரியின் ஜூன் 10. டீ.

மதியம் மைதீன் பாய் தனியாக இருந்தபோது போனேன். "பாய், பின்னு வறண்டு போயி பிரேக் பிடிச்சுக்கிட்டா, வண்டிய அரை மணி நேரம் நிப்பாட்டுனா தானா விட்டுருமா?"

"அதெப்பிடி விடும்? கழட்டுற வரைக்கும் புடிச்சபடிதான் இருக்கும்."

"டீ குடிச்சிட்டு வந்தா சரியாயிருதுன்னாங்கள்ல."

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "மிதிச்சா உடனே புடிக்குது. நின்னா மெதுவா விடுது. அப்ப ஆயில் போற வழியில கோளாறு. ஹோஸ்." காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய். "இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன மேடம்?"

"நீங்க சிரிச்சீங்க."

"நீங்களும்தான சிரிச்சீங்க."

பிறகு அவரே யோசித்துச் சொன்னார். "நம்ம பெடல மிதிச்சிட்டு சாப்புடப் போயிட்டோம். வந்து சுத்துனோம். அதுக்குள்ள ஆயில் எறங்கிருச்சு. ராட்டினம்னேன் பாருங்க." முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தில் கறை அதிகமாயிற்று. "ரோட்டுல ஒரு ரவுண்டு போயிருந்தா அன்னைக்கே மாட்டியிருக்கும். வாசல் டெஸ்டு போட்டது நானுந்தான்."

நானும்தான் என்று அவரும் சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. கார்டில் அவர் கையெழுத்து கிடையாது.

ஜூன் 24, செவ்வாய்

சாரிடம் போனேன். கடிதத்தைத் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். ரோடு டெஸ்ட் நான் செய்யவில்லை என்றேன்.

"இது எனக்குத் தெரியாதா?" என்றார், கோபமில்லாமல். "ஒரு கார்டுல செய்யலன்னு எழுத்துல ஒத்துக்கிட்டா மத்த கார்டுக்கெல்லாம் யார் பதில் சொல்றது? எல்லாத்துலயும் உன் கையெழுத்துதான் இருக்கு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்தம்மாவுக்கு அடுத்த தடவ ஏதாவது டிஸ்கவுண்ட் போட்டுக் குடுத்துருவோம்."

சரிங்க சார் என்றேன். வாய் பழகியிருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

சிறுமலைக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று பேருந்து நிலையத்தில் விசாரித்தேன். போகிறேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

போனேன். சொன்னேன். நாளை எழுதுகிறேன்.

ஜூன் 30, திங்கள்

கூட்டம் குடோனில். வாழைத்தார் வாசனை. முப்பது பேர் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மஞ்சில் அந்தப் பிக்கப் நின்றது. கண்ணாடி முழுக்க நீர்த்துளி. புஷ்பம் அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "பாப்பா, எனக்காகவா வந்த?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களிடம், "சர்வீஸ் இஞ்சினியரம்மா" என்றார். எனக்குத் திரும்பி ஓட வேண்டும்போல இருந்தது. அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்துத்தான்.

தலைவி சகாயராணி அம்மா கடிதத்தை எடுத்தார். "பள்ளிக்கூட சாரக் கூப்புட்டிருந்தோம். அதான் இஞ்சினியரே வந்துருக்கே. நீயே தமிழ்ல படிம்மா."

காகிதத்தை வாங்கிக்கொண்டேன். இந்த முறை உள்ளதை உள்ளபடி படித்தேன். பிரேக்கில் கால் வைக்கும் பழக்கம். வண்டியில் குறை இல்லை. பயிற்சி பெற்ற வேறு ஓட்டுநர். கடைசி வரியைப் படிக்கும்போது அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவை வேறு யாருடையவோ என்பதுபோல.

"நான் சொன்னேன்ல" என்று பின்னாலிருந்து ஒருவர். தலைவியின் மகளாக இருக்கும்.

நான் உட்காராமல் நின்றேன். "இத எழுதுனது நாந்தான்" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். "ரோட்டுல ஓட்டிப் பாத்தோம்னு இருக்கு. பாக்கல. கேட் வரைக்கும்தான் வந்துச்சு. ஓட்டிப் பாத்திருக்க வேண்டியவ நான். எனக்கு ஓட்டத் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். சரிதான்.

"இடது சக்கரம் மட்டுந்தான் சுடுது. பிரேக் பெடல் ஒண்ணுதான். அதுல கால வச்சா முன்னாடி ரெண்டு சக்கரமும் சுடணும். வலது பக்கத்துப் பேடு பாதிகூடத் தேயல. அத நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டும் இப்பிடி எழுதுனேன்."

முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு அம்மா நிதானமாகச் சொன்னார்: "ஏத்தா சகாயம், அந்தப் புள்ள சொல்றது நெசந்தான. ஒரு கால வச்சா ஒரு சக்கரம் மட்டும் எப்பிடிச் சுடும்? வலது சக்கரத்துக்குத் தனியா ஒரு புஷ்பம் ஓட்டுறாளா?"

அப்போது சிரித்தார்கள். அது என்னைப் பார்த்து அல்ல.

வண்டியை மறுபடி சோதிக்க வேண்டும், புஷ்பம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், கோளாறு வண்டியில் என்றால் சாவி அவரிடமே என்று முடிவாயிற்று. இல்லையென்றால் மருமகனிடம்.

பஸ் வரும்வரை அக்கா என்னோடு வெளியே நின்றார். "அன்னைக்கு வேற மாதிரி படிச்சீங்களே மேடம்."

பாப்பா போய்விட்டது.

"ஆமாக்கா."

"உள்ள உக்காந்து ரெண்டுல எது பொய்யின்னு யோசிச்சேன். ரெண்டுமே பொய்யி." சொல்லிவிட்டு சட்டைப் பையிலிருந்த மீட்டரை எடுத்து, நின்றுகொண்டிருந்த வண்டியின் டயரில் காற்றுப் பார்க்கப் போனார்.

ஜூலை 1, செவ்வாய்

சாரிடம் கூட்டத்தில் சொன்னதை நானே சொன்னேன். அடுத்த திங்கள் முதல் வாடிக்கையாளர் போனை எடுக்கும் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார். "அட்வைசருக்கு ஓட்டத் தெரியணும். தெரியாதுன்னு ஊருக்கே சொல்லிட்டு வந்துட்ட. நான் என்ன பண்ண?" அவர் சொல்வதிலும் தப்பில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போன் சீட்டுக்குக் கம்பெனிச் சட்டை கிடையாது.

ஜூலை 2, புதன்

மெதுவாக ஓட்டி, ஐந்து இடத்தில் நிறுத்தி, வண்டியை இறக்கிக் கொண்டுவந்தார் அக்கா. மஞ்சள் கோட்டைத் தாண்டி இன்று உள்ளே போய் நின்றேன். யாரும் தடுக்கவில்லை.

முன்பக்கம் ஜாக்கியில் தூக்கியிருந்தது. மைதீன் பாய் என்னிடம், "சுத்துங்க" என்றார். இடது சக்கரத்தைச் சுற்றினேன். லேசாகச் சுற்றியது. "அக்கா, நல்லா நாலு மிதி மிதிங்க. விட்டுருங்க. கால முழுசா எடுத்துருங்க." அக்கா மிதித்தார். பிறகு இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேலேயே மடித்து வைத்துக்கொண்டார், எல்லோருக்கும் தெரியட்டும் என்று. "சுத்துங்க மேடம்." சுற்றினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். வலது சக்கரம் சும்மா சுற்றியது.

பாய் முதலில் ஹோஸின் மேல்முனையை, இரும்புப் பைப்போடு சேரும் இடத்தில், தளர்த்தினார். சக்கரம் அப்படியே இறுகி நின்றது. "மேல தப்பில்ல." அதை முடுக்கிவிட்டு, கீழே காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைக் கால் சுற்றுத் திருகினார். ஆயில் சர்ரென்று பீய்ச்சியது. என் கையில் இருந்த சக்கரம் தானாக விட்டது. எதையோ இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த ஒன்று போல.

"நடுவுல இருக்கது ஹோஸ் ஒண்ணுதான்" என்றார் பாய்.

கழற்றி நீளவாக்கில் அறுத்தார். வெளியே புதுசு மாதிரி இருந்தது. உள்ளே ரப்பர் வீங்கி வழி அடைத்திருந்தது. காலால் மிதிக்கும் வேகத்துக்கு ஆயில் முட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். திரும்பி வர அந்த வேகம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வர ஒரு டீ நேரம்.

அக்கா அறுத்த துண்டை வாங்கிப் பார்த்தார். "இத எங்கிட்ட குடுத்துருங்க. கூட்டத்துல வைக்கணும்" என்றார். பிறகு பாயிடம், "சீனி பத்தலன்னேன். அடப்பே தொண்டையிலதான் இருந்துருக்கு."

பாய் சிரிக்கவில்லை. "மன்னிச்சுக்கங்கக்கா" என்றார். அவ்வளவு சுலபமாக அவரால் சொல்ல முடிந்தது.

இரண்டு பக்கமும் புது ஹோஸ், புது ஆயில். குழாய்க்குள் நின்ற காற்றை எடுத்தார்கள். நான் புதுக் கடிதம் எழுதினேன். தமிழில். அதில் என் முழுப்பெயர். சார் படித்துவிட்டுச் சீல் வைத்தார். ரோடு டெஸ்ட் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன்.

ஜூலை 3, வியாழன்

காலையில் சார் அனுமதித்தார். "நிஜமாவே போயிட்டு வா" என்றார், போன் பார்த்துக்கொண்டே.

அக்கா ஓட்டினார். நான் இடது பக்கம். மேலே குடோனில் திருப்பி, இறங்கத் தொடங்கினோம். நான் அவர் காலைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். இரண்டாவது கியரில் வண்டி தானே இறங்கியது. வளைவு வரும்போது மட்டும் ஒரு மிதி, உடனே விட்டுவிடுவார். ஒவ்வொரு மிதிக்கும் இடையே செருப்புக் கால் தரையில் சும்மா கிடந்தது. இதைப் பற்றித்தான் நான் எழுதியிருந்தேன்.

எட்டாவது வளைவில் நிறுத்தச் சொன்னேன். சூடு பார்க்கும் மீட்டர் கொண்டுவந்திருந்தேன், ஸ்டோரில் கேட்டு வாங்கியது. இடது, வலது, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு. அக்காவும் இறங்கி, சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் புறங்கையைக் காட்டிப் பார்த்தார். "இப்பிடிப் பாக்கணும். தொட்டுப் பாக்கக் கூடாது" என்றார். என் விரலை அவர் அன்றே கவனித்திருக்கிறார்.

செக்போஸ்டில் நிற்கவில்லை. டீக்கடைக்காரர் கையைத் தூக்கினார். அக்கா ஹாரன் மட்டும் அடித்தார். இழுக்கவில்லை, நாற்றம் இல்லை.

அடிவாரத்தில் புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். "இது வண்டிக்கு இல்ல." குடித்தோம். சாவி அவரிடமே இருக்கும் என்று காலையிலேயே தலைவி போனில் சொல்லிவிட்டாராம். அதை இப்போதுதான் சொன்னார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

என் மடியில் ஜாப் கார்டு. கடைசிக் கட்டம். அட்வைசர் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். திங்கள் வரை நான் அட்வைசர்தான். முன்னால் பைபாஸ் வரை நேர்ச் சாலை, இரண்டு பக்கமும் முருங்கைத் தோட்டம், வண்டி நடமாட்டம் இல்லை.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா மேடம்? கெளம்பலாமா?"

இல்லை என்று தலையசைத்தேன். இந்த முறை எந்தப் பக்கம் அசைத்தேன் என்று தெரியும். மூன்று வாரமாக அவரிடம் கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. மன்னிப்பு, பழைய பாப்பா, எல்லாம். அவற்றைக் கேட்க எனக்கு இன்னும் வாயில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கார்டிலிருந்து முகத்தை நிமிர்த்தி, அவரைப் பார்த்தே கேட்டேன்.

"அக்கா, இங்கேருந்து பைபாஸ் வரைக்கும் நான் ஓட்டட்டுமா? நீங்க பக்கத்துல மட்டும் இருங்க. பிரேக்குல என் கால் மட்டும் இருக்கட்டும்."